கப்பலில் எந்த சார்ட், எந்த நூல் கட்டாயம்? ஒரு முழுமையான வழிகாட்டி

1977 மார்ச். இங்கிலாந்தின் டீஸ் நதி முகத்துக்கு வெளியே மரியன் என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரமிட்டது. அந்த நங்கூரம் கடலடியில் ஓடிய ஒரு குழாயில் மாட்டிக்கொண்டது. வடகடலின் எகோபிஸ்க் வயலில் இருந்து கரைக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய் அது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் விரித்திருந்த சார்ட்டிலோ, அதாவது கடல் வரைபடத்திலோ, அப்படி ஒரு குழாயே இல்லை, ஏனென்றால் அது காலாவதியாகிப் பல வருடம் ஆன சார்ட். வழக்கு பிரிட்டனின் அன்றைய உச்ச நீதி அமைப்பான பிரபுக்கள் அவை வரை போய் 1984-இல் முடிந்தது. உரிமையாளர்கள் தங்கள் பொறுப்புத் தொகைக்கு வரம்பு கட்டிக்கொள்ளும் உரிமையை இழந்தார்கள். கேப்டன் பழைய சார்ட்டைப் பார்த்ததோடு விஷயம் நின்றிருந்தால் அவர்கள் ஒருவேளை தப்பியிருப்பார்கள். பழைய சார்ட்டுகளை அகற்றவும், இருப்பவற்றைத் திருத்தி வைக்கவும் நிர்வாகத்திடம் ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை என்பதுதான் அவர்களை மாட்டிவிட்டது.

சார்ட் சட்டம் என்றதும் புதிதாக செகண்ட் ஆபிசர் ஆகி சார்ட்டுகளுக்குப் பொறுப்பேற்கிறவர்கள் முதலில் கேட்பது, "பட்டியல் எங்கே இருக்கிறது?" என்பதுதான். எத்தனை சார்ட், எந்த எண் என்று அச்சிட்ட பட்டியல் சர்வதேசச் சட்டத்தில் கிடையாது. போகும் பயணத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், இன்றைய தேதி வரை திருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டே சொற்களில் அது முடித்துவிடுகிறது. பட்டியலை ஒவ்வொரு பயணத்துக்கும் நாம்தான் தயாரிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: விதி உங்கள் கப்பலுக்குப் பொருந்துமா?

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸ் 1974-இன் ஐந்தாம் அத்தியாயம்தான் இதற்கு அடிப்படை. இப்போதுள்ள வடிவம் 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்ற அத்தியாயங்கள் பெரும்பாலும் சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களைப் பற்றியே பேசும். ஐந்தாவது மட்டும் எல்லாக் கப்பல்களுக்கும், எல்லாப் பயணங்களுக்கும் என்று தொடங்குகிறது. போர்க்கப்பல்கள், வணிகம் சாராத அரசுக் கப்பல்கள், வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் மட்டும் ஓடுபவை இதில் சேராது. 150 கிராஸ் டன்னுக்கு (கப்பலின் மொத்த உள்கொள்ளளவைக் காட்டும் கணக்கு) குறைந்தவை, சர்வதேசப் பயணம் போகாத 500 டன்னுக்குக் குறைந்தவை, மீன்பிடிக் கப்பல்கள் ஆகியவற்றுக்கு எந்த அளவு பொருத்துவது என்பதைக் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, முடிவு செய்யலாம். அதனால் சின்னப் படகு என்றால் சோலாஸோடு நிற்காமல் கொடி நாட்டின் உள்நாட்டு விதியையும் படிக்க வேண்டும்.

நான்கு விதிகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். விதி 19 எதை வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. விதி 27 அது போதுமானதாகவும் புதிதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. விதி 34 அதைக் கொண்டு பயணத்தைத் திட்டமிட வேண்டும் என்கிறது. விதி 2-இல் இருப்பது வரையறை. இந்தக் கடைசி விதியைத்தான் யாரும் படிப்பதில்லை.

இரண்டாம் படி: உங்களிடம் இருப்பது சட்டப்படி சார்ட்தானா?

விதி 2-இன்படி, அரசோ, அரசின் அதிகாரம் பெற்ற நீரியல் அலுவலகமோ, அதுபோன்ற அரசு நிறுவனமோ வெளியிட்டதுதான் சார்ட் அல்லது கடலோட்ட நூல். கடலோட்டத்தின் தேவைக்காகவே உருவாக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தாளாக இருக்கலாம், புத்தகமாக இருக்கலாம், அவற்றுக்கு மூலமான தரவுத்தளமாகவும் இருக்கலாம்.

கைப்பேசிச் செயலியில் வரும் வண்ண வரைபடமும், தனியார் நிறுவனம் தானே தொகுத்து விற்கும் மின் வரைபடமும் இந்த வரையறைக்குள் வராது. அவை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இதே கதைதான். மின் சார்ட்டைத் திரையில் காட்டும் எக்டிஸ் கருவிக்குள் ஓடினாலும், தரவு அதிகாரபூர்வ மின் சார்ட்டான ஈ.என்.சி. இல்லையென்றால் அந்தத் திரை சட்டத்தின் பார்வையில் சார்ட் ஆகாது. சார்ட்டின் ஒளிநகலும் இதே கணக்கில்தான் வரும். அவசரத்துக்கு வேறு கப்பலிடம் வாங்கிய நகலை மேசையில் விரித்துவிட்டு, ஆய்வாளரிடம் அதைக் காட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

மூன்றாம் படி: காகிதமா, எக்டிஸா?

இதற்கு விடை கப்பலின் சான்றிதழிலேயே இருக்கிறது. சரக்குக் கப்பல் என்றால் பாதுகாப்புக் கருவிச் சான்றிதழோடு இணைந்த படிவம் ஈ-யை எடுங்கள். பயணிகள் கப்பலுக்கு அது படிவம் பி (P). சார்ட் அல்லது எக்டிஸ், எக்டிஸுக்கு மாற்று ஏற்பாடு, கடலோட்ட நூல்கள், மின் நூல்களுக்கு மாற்று ஏற்பாடு என்று தனித்தனி வரிகள் அதில் இருக்கும். எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் கப்பலின் முதன்மை வழி. படிவத்தில் காகித சார்ட் என்று இருக்க, பிரிட்ஜில் எக்டிஸை மட்டும் வைத்து ஓட்டினால் அங்கேயே குறை எழுதலாம்.

எக்டிஸ் கட்டாயம் என்ற விதி 2012-இல் தொடங்கிப் படிப்படியாக வந்தது. புதிய கப்பல்களில், 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள பயணிகள் கப்பல்களுக்கும், 3,000 டன் முதலான டேங்கர்களுக்கும் 2012 ஜூலை 1 முதல் கட்டாயம். டேங்கர் அல்லாத சரக்குக் கப்பல்களில் 10,000 டன் முதலானவற்றுக்கு 2013 ஜூலை, 3,000 முதல் 10,000 வரை உள்ளவற்றுக்கு 2014 ஜூலை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கப்பல்களுக்கு 2014 முதல் 2018 வரை வகைவாரியாகக் கெடு வந்தது. டேங்கர் அல்லாத, 10,000 டன்னுக்குக் குறைந்த பழைய சரக்குக் கப்பல்கள் இந்த வலைக்குள் வரவே இல்லை. அவை இன்றும் காகிதத்தில் ஓடலாம்.

எக்டிஸ் மட்டும் இருந்தால் போதாது, அது படுத்துவிட்டால் கப்பலைப் பாதுகாப்பாகக் கொண்டுபோக மாற்று ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் அது தனி மின்னிணைப்போடு கூடிய இரண்டாவது எக்டிஸ். சிலவற்றில் திருத்தப்பட்ட காகித சார்ட்டுகளின் தொகுப்பு. எது செல்லும் என்பதைக் கொடி நாடுதான் ஏற்க வேண்டும். ஈ.என்.சி. இல்லாத பகுதியில் காகிதத்தை ஸ்கேன் செய்த ராஸ்டர் சார்ட்டை எக்டிஸில் ஓட்டினால், கூடவே தேவையான காகித சார்ட்டுகளும் இருக்க வேண்டும். ராஸ்டர் என்பது படம் மட்டுமே. அதில் உள்ள ஆழத்தைக் கருவியால் வாசிக்க முடியாது, தரை தட்டும் ஆபத்தை எச்சரிக்கவும் முடியாது.

ஆட்களையும் மறக்க வேண்டாம். பிரிட்ஜில் காவல் பார்க்கும் அதிகாரிக்கு எக்டிஸ் பொதுப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அந்தக் குறிப்பிட்ட கருவியோடு பழகியதற்கான சான்றும் வேண்டும். 2013 செப்டம்பரில் ஓவிட் என்ற ரசாயனக் கப்பல் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டில் ஏறி நின்றது. எக்டிஸ் இருந்தது, அதில் சார்ட்டும் இருந்தது. ஆனால் அனுபவமில்லாத இளைய அதிகாரி போட்ட பாதை நேராகத் திட்டின் மேலேயே போனது, அதை யாரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை, எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை.

இனி எக்டிஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எஸ்-100 என்ற புதிய தரவு முறைக்கான செயல்திறன் தரத்தைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2022-இல் ஏற்றுக்கொண்டது. 2026 ஜனவரி 1 முதல் அந்தத் தரத்தில் கருவி பொருத்தலாம், 2029 ஜனவரி 1 முதல் பொருத்தப்படும் கருவிகள் அந்தத் தரத்திலேயே இருக்க வேண்டும். காகிதமோ மெல்ல விடைபெறுகிறது. சார்ட் வெளியிடும் அமெரிக்க அரசு நிறுவனமான நோவா தன் பாரம்பரியக் காகித சார்ட்டுகளை ஏற்கெனவே நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் நீரியல் அலுவலகம் 2026-இல் நிறுத்துவதாக முதலில் சொல்லி, பிறகு குறைந்தது 2030 வரை நீட்டித்தது.

நான்காம் படி: இந்தப் பயணத்துக்கு எது போதுமானது?

எனக்குத் தெரிந்தவரை அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். போதுமானது என்பதைப் பெர்த்தில் (கப்பல் கட்டும் துறையில்) இருந்து பெர்த் வரை கணக்கிட வேண்டும். துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும் இடத்தோடு திட்டம் முடிவதில்லை. பயணத் திட்டத்துக்கான ஐ.எம்.ஓ. வழிகாட்டி 1999-இல் வந்த ஏ.893 தீர்மானம். தகவல் திரட்டுதல், திட்டமிடல், நடைமுறைப்படுத்தல், கண்காணித்தல் என்று நான்கு கட்டங்களை அது சொல்கிறது. சார்ட் தேர்வு முதல் கட்டத்தின் வேலை.

செய்முறை எளிது. பாதையை ஒரு சிறிய அளவு சார்ட்டில் போட்டுப் பாருங்கள். பாதை தொடும் ஒவ்வொரு பகுதிக்கும் கிடைக்கும் மிகப் பெரிய அளவு சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இங்கே பலர் குழம்புவார்கள்: பெரிய அளவு என்றால் குறைந்த பரப்பை அதிக நுணுக்கத்தோடு காட்டுவது. அப்புறம் பாதையை விட்டு விலக வேண்டி வந்தால் எங்கே போவீர்கள் என்று பாருங்கள். அடைக்கலத் துறைமுகம், நங்கூரமிடும் இடம், எரிபொருள் நிரப்ப வாய்ப்புள்ள துறை எல்லாவற்றுக்கும் சார்ட் இருக்கிறதா? கடல் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது, துறைமுகம் மாறிவிட்டது என்று கரையிலிருந்து செய்தி வரும். எக்டிஸ் கப்பலில் மின் சார்ட்டுக்கான உரிமமான பெர்மிட்டைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கிவிடலாம் என்ற தைரியம் உண்டு. ஆனால் வாங்கிய பின் ஏற்றி, பாதை போட்டு, கேப்டன் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை நேரம் ஓடிக்கொண்டிருக்கும். காகிதக் கப்பலுக்கோ அந்த வழியும் இல்லை.

மின் சார்ட்டில் அளவு இன்னொரு விதமாக ஏமாற்றும். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் மோதியது. திட்டு சார்ட்டில் இல்லாமல் இல்லை. திரையைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாதை முழுவதையும் உரிய அளவில் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்க்காமல் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சார்ட்டில் உள்ள ஆழத்தை எந்தக் காலத்தில் எவ்வளவு நம்பிக்கையாக அளந்தார்கள் என்பதும் முக்கியம். ஈ.என்.சி.யில் அதற்குத் தரக் குறியீடு இருக்கிறது. ஏ1, ஏ2 என்றால் நல்ல அளவை, டி என்றால் நம்பத் தகாதது, யூ என்றால் மதிப்பிடப்படவே இல்லை. கப்பலின் அடிப்பகுதியான கீலுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கணக்கிடும்போது இதைச் சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: நூல்கள்

விதி 27 பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நான்கு: கடலோட்ட வழிகாட்டி நூல்கள், விளக்குப் பட்டியல்கள், மாலுமிகளுக்கான அறிவிப்புகள், ஓத அட்டவணைகள். அதன் பின் "பயணத்துக்குத் தேவையான மற்ற எல்லா நூல்களும்" என்று ஒரு வாலைச் சேர்த்துவிடுகிறது. அந்த வாலில்தான் வானொலிச் சைகைப் பட்டியல்கள், கடற்பஞ்சாங்கம் எல்லாம் வருகின்றன. விதி 21 தனியாக இரண்டைக் கேட்கிறது. வானொலிக் கருவி கட்டாயமான கப்பல்களில் சர்வதேச சிக்னல் கோட் இருக்க வேண்டும். எல்லாக் கப்பல்களிலும் தேடுதல், மீட்பு பற்றிய ஐயாம்சார் கையேட்டின் மூன்றாம் தொகுதி புதிய பதிப்பில் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் கொடி நாடு தன் பங்குக்குச் சேர்க்கும். பிரிட்டன் தன் கொடிக் கப்பல்களிடம் மாலுமிக் கையேட்டையும் தன் கப்பல் துறை அறிவிப்புகளையும் கேட்கும். போகும் நாடும் சேர்க்கும். அமெரிக்க நீரில் 1,600 கிராஸ் டன் முதலான கப்பல்களுக்குப் போதிய பெரிய அளவு கொண்ட, திருத்தப்பட்ட சார்ட்டும், அந்தப் பகுதிக்கான கோஸ்ட் பைலட் என்ற வழிகாட்டி நூலும், ஓத, நீரோட்ட அட்டவணைகளும் வேண்டும் என்று அந்நாட்டு விதித்தொகுப்பே சொல்கிறது. பயணத்துக்கு முன் கொடி நாட்டின் சுற்றறிக்கையையும் போகும் துறைமுகத்தின் விதியையும் ஏஜென்ட் மூலம் உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆண்டுதோறும் மாறும் நூல்களில் ஒரு பொறி உண்டு. ஓத அட்டவணையும் கடற்பஞ்சாங்கமும் டிசம்பர் 31-ஓடு செத்துவிடும். ஜனவரி முதல் வாரம் துறைமுகம் சேரும் கப்பலுக்கு நவம்பரிலேயே அடுத்த ஆண்டுப் பிரதியை வாங்கி வைக்க வேண்டும். மின் நூல்களாக வைத்திருந்தால் கொடி நாடு அதை ஏற்றதா, கணினி நின்றுவிட்டால் மாற்று என்ன என்று படிவம் ஈ-யில் பதில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: திருத்தம்

இதுதான் முடிவே இல்லாத வேலை. நீரியல் அலுவலகங்கள் மாலுமிகளுக்கான அறிவிப்புகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. பிரிட்டிஷ் அறிவிப்பு வாரந்தோறும் வருகிறது. அதன் இரண்டாம் பகுதி சார்ட்டுகளுக்கு, நான்காம் பகுதி வழிகாட்டி நூல்களுக்கு, ஐந்தாம் பகுதி விளக்குகளுக்கு, ஆறாம் பகுதி வானொலிச் சைகைகளுக்கு. இரண்டாம் பகுதியோடு நிறுத்திக்கொண்டு நூல்களைத் திருத்தாமல் விட்ட கப்பல்களை நிறையப் பார்க்கலாம்.

காகித சார்ட்டில் நிரந்தரத் திருத்தம் ஊதா மையில். போட்டு முடித்ததும் கீழ் இடது மூலையில் ஆண்டும் அறிவிப்பு எண்ணும் எழுத வேண்டும். முந்தைய எண் அங்கே விடுபட்டிருந்தால் நின்று அதை முதலில் தேடிப் போடுங்கள். தற்காலிக, முன்னறிவிப்புத் திருத்தங்கள் பென்சிலில், ஏனென்றால் அவை ஒருநாள் ரத்தாகும், அழிக்க வேண்டியிருக்கும். புதிய பதிப்பு வந்துவிட்டால் பழைய சார்ட்டைத் திருத்திப் பயனில்லை. புதியதை வாங்கியாக வேண்டும்.

ஈ.என்.சி.யில் வேலை குறைவு என்பார்கள். ஓரளவுக்கு உண்மை. வாராந்தரக் கோப்பை ஏற்றினால் திருத்தம் தானாக விழுந்துவிடும். ஆனால் பெர்மிட் காலாவதியானால் திருத்தமும் நின்றுவிடும். ஏற்றும்போது பிழை வந்த செல்கள் (ஈ.என்.சி.யின் தனித்தனிப் பகுதிகள்) பழைய நிலையிலேயே நிற்கும். அதனால் ஏற்றிய பின் நிலை அறிக்கையைப் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது எக்டிஸிலும் ஏற்ற வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

தற்காலிக அறிவிப்புகளைச் சில நாடுகள் ஈ.என்.சி.க்குள்ளேயே சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. சேர்க்காத நாட்டுக் கடலுக்குப் போனால் அதிகாரி தனியாகப் படித்துத் திரையில் குறிக்க வேண்டும். இதோடு கப்பலுக்குச் செய்தியாக வந்து சேரும் நாவ்டெக்ஸ், நாவ்ஏரியா எச்சரிக்கைகளும் சேரும். உலகக் கடல் 21 நாவ்ஏரியாக்களாக, அதாவது எச்சரிக்கைப் பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பாதை தொடும் ஒவ்வொன்றிலும் நடப்பில் உள்ள எச்சரிக்கைகளைச் சேகரித்துத் திட்டத்தில் எழுதியாக வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், சி.எம்.ஏ. சி.ஜி.எம். லிப்ரா வழக்குதான் காரணம். 2011 மே 17 அன்று சீனாவின் சியாமென் துறைமுகத்தில் இருந்து கிளம்பிய அந்தக் கொள்கலன் கப்பல், மிதவைகள் குறித்த கால்வாயை விட்டு வெளியே வந்து தரை தட்டியது. சார்ட்டில் அங்கே தாராளமான ஆழம் காட்டியிருந்தது. ஆனால் சார்ட்டில் உள்ளதைவிட ஆழம் குறைந்த இடங்கள் பல அங்கே உண்டு என்று 2010-இலேயே ஒரு முன்னறிவிப்பு வந்திருந்தது. கால்வாய்க்கு வெளியே சார்ட் ஆழத்தை நம்பக் கூடாது என்ற எச்சரிக்கை பயணத் திட்டத்திலும் இல்லை, பயணத்துக்குப் பயன்படுத்திய சார்ட்டிலும் இல்லை. கப்பலை மீட்ட செலவில் பங்கு கொடுக்கச் சரக்குக்காரர்களில் சிலர் மறுத்தார்கள். 2021 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. திட்டம் குறையுள்ளது என்றால், கப்பல் கிளம்பும்போதே கடலோடத் தகுதியற்றது என்பதே தீர்ப்பின் சாரம். இயந்திரமும் மேலோடும் கச்சிதமாக இருந்த கப்பல் அது. பென்சிலில் எழுத வேண்டிய ஓர் எச்சரிக்கை விடுபட்டது, அவ்வளவுதான்.

ஏழாம் படி: செய்ததற்குச் சான்று

துறைமுக நாட்டின் ஆய்வாளர் பிரிட்ஜுக்கு வந்தால் எல்லா சார்ட்டையும் பார்க்க மாட்டார். கடைசிப் பயணத்தின் திட்டத்தைக் கேட்பார். அதில் இருந்து இரண்டு மூன்று சார்ட்டை உருவி, சமீபத்திய அறிவிப்பு எண்ணோடு ஒப்பிடுவார். எக்டிஸ் என்றால் திருத்த நிலை அறிக்கையைத் திறக்கச் சொல்வார், பாதுகாப்பு ஆழ எல்லையை (இதற்குக் குறைந்த ஆழம் ஆபத்து என்று எக்டிஸில் குறிப்பது) ஏன் இவ்வளவு வைத்தீர்கள் என்று காவல் அதிகாரியிடமே கேட்பார். பதில் திணறினால் ஆய்வு நீளும். குறை கடுமையாக இருந்தால், சரிசெய்யும் வரை கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கவும் அதிகாரம் உண்டு.

எனவே திருத்தப் பதிவேடு, சார்ட் இருப்புப் பட்டியல், நூல்களின் பதிப்பு விவரம், பெர்மிட் தேதிகள், கடைசியாக எந்த வார அறிவிப்பு வரை போடப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பயண நடவடிக்கைகளைப் பின்னால் மீட்டுப் பார்க்கும் அளவுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி 28. செல்லாத ஆவணங்களை உடனே அகற்ற வேண்டும் என்று கப்பல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.எம். கோட் சொல்கிறது. மரியன் வழக்கில் இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

நானே ஒருமுறை மாட்டியிருப்பேன். புதிதாகப் பொறுப்பேற்ற கப்பலில் எல்லாத் திருத்தமும் முடிந்தது என்று முந்தையவர் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவேட்டில் பார்த்தால் எண்கள் வரிசையாக, கச்சிதமாக இருந்தன. ஒரு சார்ட்டை இழுத்தபோது அதன் அடியில் அதே எண்ணில் பழைய பதிப்பு ஒன்றும் கிடந்தது. திருத்தம் எல்லாம் பழையதில் போடப்பட்டிருந்தது, புதியது வாங்கிய மடிப்புக் கலையாமல் வெள்ளையாக இருந்தது. அன்றில் இருந்து பொறுப்பு ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடுமுன் ஐந்து சார்ட்டுகளை நானே கண்ணை மூடிக்கொண்டு உருவிப் பதிப்புத் தேதியையும் கடைசி எண்ணையும் சரிபார்க்கிறேன். எக்டிஸ் கப்பல் என்றால் அதே வேலையை ஐந்து செல்களில், இரண்டு கருவியிலும்.